ஆடவேண்டிய கால்

ஆயுத பூஜை வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். நம் பள்ளிக்கூடக் குழுவில் நீங்கள் எல்லோரும் பொரி, கடலை, வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய் என்று படம் படமாக அனுப்பி, அந்தக் காலம் திரும்ப வருமா என்று மூக்கைச் சிந்துவீர்கள். நான் மட்டும் ஒன்றும் அனுப்ப மாட்டேன். ஏன் என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இதை எழுதுகிறேன். நீளம் என்று யாரும் குறைப்பட வேண்டாம். உங்கள் காலை வணக்கப் படங்களை நான் எத்தனை வருடமாகப் பொறுத்துக்கொண்டு வருகிறேன்.

இந்த வருடமும் பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஆட்டோவில் போகும்போது வழியில் பார்த்தேன். பாலத்துத் துண்டுகளைத் தூக்குகிற ராட்சத இயந்திரம் ஒன்று நின்றது. மூன்று மாடி உயரம், மஞ்சள் நிறம், இரண்டு பக்கமும் கால். உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு. ஒவ்வொரு சக்கரத்துக்குக் கீழேயும் ஒரு எலுமிச்சம்பழம். ஆட்டோக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் பழத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்னால் குழாயடி. அப்பா ராணுவ டேங்க் செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். அவர் பற்றவைத்த இடம் விட்டுப்போனதாகச் சரித்திரமே இல்லை என்பதை அவரே நாளுக்கு ஒருமுறை சொல்வார். வீட்டில் எது ஆடினாலும் அவருக்குப் பொறுக்காது. நாற்காலி ஆடக்கூடாது, கதவு ஆடக்கூடாது, சாப்பிடும்போது என் கால் ஆடக்கூடாது.

அந்த வீட்டில்தான் அத்தையும் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். அந்த வகுப்பில் மொத்தம் இரண்டு பெண்கள், அதில் இன்னொருத்தி பாதியிலேயே கல்யாணமாகிப் போய்விட்டாள். அத்தை முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிரேஸர் வேலையில் இருந்தாள். அதாவது, மற்றவர்கள் பென்சிலில் வரைந்த படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து மசியில் நகல் எடுக்கிற வேலை. படித்த படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவாள். சாயங்காலம் விரலெல்லாம் கறுப்பு மசியோடு வருவாள்.

அந்தப் பட்டறையில் கடையில் கிடைக்காத இயந்திரங்களை மட்டும் செய்வார்கள். தார் காய்ச்சிக்கொண்டே சாலையில் தெளிக்கிற வண்டி, சேற்றில் புதைந்த குழாயை உருவி எடுக்கிற கருவி, இப்படி ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்காக. வாங்க வருகிற கான்ட்ராக்டர்களுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. படத்தை நேராகப் பிடித்திருக்கிறோமா தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்றுகூடத் தெரியாமல் தலையாட்டுவார்களாம். ஒரு நாள் அத்தை, தார் வண்டியைப் பவுடர் டப்பாவிலும் குடைக்கம்பியிலும் ஒரு முழ நீளத்துக்குச் செய்து எடுத்துப் போனாள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் ஓடும், டப்பாவின் ஓட்டைகளிலிருந்து கருப்பட்டிப் பாகு சொட்டும். கான்ட்ராக்டர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து எந்த இயந்திரமானாலும் முதலில் அத்தை கையால் சின்னதாக ஒன்று பிறந்தாக வேண்டும் என்று முதலாளி வைத்துவிட்டார். பதவி மட்டும் டிரேஸர்தான்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அது வேலையாகப் படவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா, "பொம்மை செய்றா, பொழுது போகணும் இல்ல" என்பாள். அரத்தால் பித்தளையை ராவும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும். கூடம் முழுக்க ஈயம் உருகிய வாசனை. தையல் மிஷின் மேல் எப்போதும் ஏதாவது ஒன்று பாதி உடம்போடு உட்கார்ந்திருக்கும். அம்மா நூல் சுற்றுகிற பாபின் எல்லாம் சக்கரமாகிப் போயின. அப்பாவின் குடை மழைக்காலம் வருவதற்குள் எலும்பில்லாமல் ஆனது. மாடல் நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு என்பதால், எதையும் இருபதால் வகுத்துப் பார்ப்பது அத்தையின் வழக்கம். ஒரு நாள் அம்மா தோசை சுட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நின்று டேப் பிடித்து அளந்துவிட்டு, "அண்ணி, நீங்க எட்டு சென்டிமீட்டர்" என்றாள். அம்மா இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

நான் சொல்ல வந்தது நாம் ஆறாம் வகுப்பு படித்த வருடத்துக் கதை.

ஒரு கான்ட்ராக்டருக்குக் கால்வாய் வேலை கிடைத்திருந்தது. கால்வாயின் சரிவுகளில் கான்கிரீட் பூச வேண்டும். ஆட்கள் சரிவில் நிற்க முடியாமல் சறுக்கிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கரையிலும் தண்டவாளம் போட்டு, கால்வாய்க்குக் குறுக்கே கால் அகட்டி நின்று, நகர்ந்துகொண்டே இரண்டு சரிவுக்கும் பூசுகிற ஒரு இயந்திரம் இருந்தால் எப்படி என்று அத்தை கேட்டாள். அது யாரும் பென்சிலில் வரைந்து கொடுத்தது இல்லை, அவளே வரைந்தது. முதலாளி யோசித்துவிட்டு ஒரு வார்த்தை கொடுத்தார். ஆயுத பூஜை அன்று கான்ட்ராக்டர் பட்டறைக்கு வருவார். மாடலைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் அத்தை டிசைனர். இயந்திரத்தோடு சைட்டுக்குப் போகிறவளும் அவள்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெண் பார்க்க வந்தார்கள். கரூர்ப் பக்கம், மாப்பிள்ளைக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. நாலு மணிக்கே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தும் அத்தை ஆறு மணிக்குத்தான் வந்தாள், நகக்கண்ணில் கிரீஸோடு. வந்தவர்கள் பெரிய மனசு பண்ணி, பெண் பிடித்திருக்கிறது என்றே சொல்லிப் போனார்கள். அப்பா மட்டும் அடங்கவில்லை. கூடத்தில் நின்று கத்தினார். அத்தையும் பதிலுக்குக் கத்தினாள். அன்றோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் தபால்காரி. பத்தடி தூரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா என்னைப் பார்த்துச் சொல்வார்.

"பாப்பா, உங்க அத்தைகிட்ட சொல்லு. பூஜை வரைக்கும் பார்ப்பேன். ஆர்டர் வந்துச்சுன்னா அவ இஷ்டம், எங்க வேணா போகட்டும், நான் தடுக்கல. வரலன்னா கரூருக்குச் சரின்னு எழுதிடுவேன்."

அத்தை அரத்தை நிறுத்தாமலே என்னிடம் சொல்வாள். "சரின்னு சொல்லு பாப்பா."

இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கும். இருந்தாலும் நான் எழுந்து போய் இவர் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவரிடமும் ஒப்பிக்க வேண்டும். ஒப்பிக்காவிட்டால் இரண்டு பேரும் என்னைத்தான் முறைப்பார்கள். படித்த பெரியவர்கள், சம்பாதிக்கிற பெரியவர்கள், ஒரு பதினோரு வயதுப் பெண்ணை நடுவில் நிறுத்தி இப்படி ஒரு கூத்து. இப்போது நினைத்தாலும் இரண்டு பேரையும் பிடித்துத் தலையோடு தலை முட்டலாம் போல இருக்கிறது.

மாடல் வளர்ந்தது. பெட்டிப் பலகையில் கால்வாய், இரண்டு பக்கமும் சரிவு. பார்சல் கட்டுகிற இரும்புப் பட்டையில் தண்டவாளம். மேலே பித்தளைப் பட்டையில் பாலம் மாதிரி ஒரு சட்டம், அதில் சைக்கிள் பால்பேரிங் உருளை சங்கிலியில் ஏறி இறங்கும். ஓட்டுகிற ஆளுக்கு ஒரு ஆசனம். அட்டையில் எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு ஆள் வெட்டச் சொன்னாள். நான் பின்னலும் புடவையுமாக வெட்டினேன். அத்தை அதை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஆசனத்தில் ஒட்டினாள்.

அதுவரைக்கும் எங்களுக்குள் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். கவராயம் இல்லை. நம் கணக்கு டீச்சரை நினைத்துக்கொள்ளுங்கள். கவராயம் இல்லாமல் வந்தவர்களை அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். பீரியட் முழுக்கப் பெஞ்சு மேல் நின்றேன். வீட்டுக்கு வந்தால் அத்தை முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பா, இங்க வா. உன் கவராயம் எப்படி உக்காந்திருக்கு பாரு."

மாடலின் ஒரு காலில், மேலே சட்டத்தோடு சேருகிற இடத்தில், என் கவராயத்தின் தலை இருந்தது. அதன் இரண்டு கைகளையும் கழற்றி எடுத்துவிட்டு மூட்டை மட்டும் வைத்திருந்தாள். கையால் தள்ளினால் அந்தக் கால் லேசாக உள்ளும் வெளியும் ஆடியது. இன்னொரு பக்கத்துக் கால் கெட்டியாக நின்றது.

"ஒரு கால் கெட்டியா நிக்கணும், ஒரு கால் ஆடணும். கரை ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு பக்கம் மண்ணு இறங்கும், ஒரு பக்கம் ஏறும். ரெண்டு காலும் விறைச்சிக்கிட்டு நின்னா சக்கரம் தண்டவாளத்தை விட்டுடும். ஒண்ணு வளைஞ்சு குடுத்தா மொத்தமும் பொழைச்சிக்கும். இதுதான் இந்த மிஷினோட உசிரு."

நான் "ம்" என்றேன். பூஜைக்கு அப்புறம் புதுசு வாங்கித் தருகிறேன் என்றாள். அதற்கும் "ம்" என்றேன். பெஞ்சு மேல் நின்றதைச் சொல்லவில்லை, கவராயத்தைத் திருப்பிக் கொடு என்றும் கேட்கவில்லை. அவளாகப் பார்த்து, என்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு என்று சொல்லட்டும் என்று இருந்தேன். நானும் அந்த வீட்டுப் பெண்தானே, வேறு எப்படி இருப்பேன். காலாண்டுத் தேர்வில் வட்டமெல்லாம் வளையலை வைத்துப் போட்டேன். டீச்சர் சுழித்த சிவப்பு மை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பூஜைக்கு முந்தின நாள். அத்தை தண்டவாளத்தையும் கால்வாய்ப் பலகையையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள். இயந்திரத்தை மறுநாள் காலையில் எங்களோடு எடுத்துவருவதாகப் பேச்சு. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அப்பா தையல் மிஷின் முன்னால் போய் நின்றார். அத்தை இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவர். குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். ஈயப் பற்றுகளைக் கட்டைவிரலால் தடவினார்.

"பரவாயில்ல, நல்லாத்தான் வச்சிருக்கா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு அந்தக் காலைத் தொட்டார். அது ஆடியது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். மறுபடி தொட்டார், மறுபடி ஆடியது.

"பாப்பா, இந்தக் கால் ஏன் ஆடுது?"

எனக்குத் தெரியும். உசிரு என்று அவள் சொன்ன வார்த்தை வரைக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம்தான் தேர்வுத்தாள் கொடுத்திருந்தார்கள்.

"தெரியலப்பா" என்றேன்.

அப்பா பெட்டியைத் திறந்து சால்டரிங் அயர்னை எடுத்தார். இரும்பு சூடாகும்வரை கவராய மூட்டைத் துணியால் துடைத்தார், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். ஒரு சொட்டு ஈயம். அது ஓடிப் பரவி, அரிசிமணி மாதிரி பளபளவென்று நின்றது. ஊதி ஆறவிட்டுத் தள்ளிப் பார்த்தார். கால் அசையவில்லை. அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

"நாளைக்கு நாலு பேர் முன்னாடி கால் கழண்டு விழுந்தா எவ்வளவு அசிங்கம். அவகிட்ட சொல்லாத. நான் செஞ்சேன்னு தெரிஞ்சா ரோஷப்பட்டுப் பிரிச்சிடுவா. நல்லா வரட்டும், கழுதை."

இதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. தங்கை ஜெயித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்திருந்தால் அவரை நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவள் ஜெயிக்கட்டும் என்றுதான் செய்தார். கரூரை விட்டாலும் பரவாயில்லை என்று ஆசையோடு, சுத்தமாக, தன் கைத்திறமை முழுவதையும் போட்டுச் செய்தார்.

மறுநாள் பட்டறை முழுக்க மாவிலைத் தோரணம். லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பட்டை பட்டையாக விபூதி. தரையெல்லாம் எண்ணெய் கழுவிய ஈரம், அதற்கு மேல் கோலம். சாமி படத்துக்கு முன்னால் நீள மேஜையில் கால்வாய், அதன்மேல் அத்தையின் இயந்திரம், புடவை கட்டிய அட்டைப் பெண்ணோடு. அப்பா வெள்ளைச் சட்டையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அம்மா பட்டுப்புடவை. கான்ட்ராக்டர் வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார்.

பூஜை முடிந்ததும் பட்டறை போர்மேன் பழத்தட்டோடு ஒவ்வொரு வண்டியாக வந்தார். அத்தையிடம் பிரியமுள்ளவர், அம்பத்தூர்க்காரர். மாடலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, இதுவும் புது வண்டிதானே. பழம் வெக்காம எப்படி ஓட்றது? சின்னதா இருந்தா இன்னா, வண்டி வண்டிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாபின் சக்கரத்துக்குக் கீழே முழு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது பழத்தின் மேல் ஏறுமா? வேறு யாராக இருந்தாலும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். அத்தை ஒரு நிமிஷம் பழத்தைப் பார்த்தாள். அவள் வாய்க்குள் இருபதால் பெருக்குவது எனக்குத் தெரிந்தது.

"வைங்கண்ணே. பாதியா வெட்டிக் குடுங்க. சக்கரத்துக்குக் கீழே வேணாம், இந்தப் பக்கத் தண்டவாளத்துக்குக் கீழே வைங்க."

வெட்டிய பாதியில் குங்குமம் தடவி, இரும்புப் பட்டைக்கு அடியில் கவிழ்த்து வைத்தார் போர்மேன். அந்த இடத்தில் தண்டவாளம் முதுகைத் தூக்கிக்கொண்டது. அத்தை கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினாள். வரைபடம் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற மாதிரிச் சொன்னாள்.

"சார், இது நிஜக் கரையில ஒண்ணேகால் அடி மேடு. மழை பெஞ்சா உங்க சைட்ல இந்த மாதிரி கரை ஏறி இறங்கத்தான் செய்யும். இந்த மிஷின் நிக்காம தாண்டும். பாருங்க."

அவள் யாரையும் சுற்றவிடவில்லை, தானே கைப்பிடியைச் சுற்றினாள். அத்தை, ஓட்டாதே, கால் ஆடாது என்று நான் கத்தியிருக்கலாம். அப்பா சொல்லாதே என்றிருந்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று இரண்டு பேருமே அடித்து வளர்த்திருந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்தேன். அம்மா, கசங்குது விடு என்றாள்.

இயந்திரம் மேட்டுக்கு வந்தது. அந்தப் பக்கம் உயர்ந்தது. அத்தை காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது உள்பக்கம் மடங்கும் என்று. மடங்கவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு கிரீச்சென்றது. எதிர்க்கரைச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்பியது. அப்புறம் மொத்தமும் மெதுவாகச் சாய்ந்து, உருளையும் சங்கிலியுமாகக் கால்வாய்க்குள் குப்புற விழுந்தது. அட்டைப் பெண் தெறித்துப் போய்ப் பொரித்தட்டில் விழுந்தாள்.

முதலில் கான்ட்ராக்டர்தான் பேசினார், கேலி இல்லாமல் வருத்தமாகவே.

"இன்னாம்மா இது, அரை எலுமிச்சம்பழத்துக்கே படுத்துக்கினா, அங்க மண்ணு சரிஞ்சா ஆளுங்க கதி இன்னா ஆவறது?"

அத்தை இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள். போர்மேன் காலைத் தள்ளிப் பார்த்தார். "இது இறுகிப்போய்க் கீதேம்மா. ஆடும்னு சொன்னியே நீ" என்றார். அத்தை குனிந்து பார்த்தாள். அந்த அரிசிமணியைப் பார்த்தாள். ஒரு பற்றைப் பார்த்தால் அது யார் கை என்று சொல்லத் தெரிந்தவள் அவள். தன் கை இல்லை என்றும் தெரியும், அப்படி ஒரு மணி ஆவடியில் யார் கையில் வரும் என்றும் தெரியும். கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் நின்ற அண்ணனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். உடனே கட்டைவிரலால் அந்த மூட்டை மூடிக்கொண்டாள்.

"என் கணக்குதான் தப்பு சார்" என்றாள்.

அவ்வளவுதான் கதை. கான்ட்ராக்டர் பொரி வாங்கிக்கொண்டு போனார். முதலாளி எங்களுக்கு லட்டுப் பொட்டலம் கொடுத்தார். பட்டரவாக்கத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, ஒரு மாசத்துக்கு மேல் மூடியிருந்த வாயை அப்பா திறந்தார். தங்கையைப் பார்த்து நேராகவே பேசினார், தபால்காரி இல்லாமல்.

"விடும்மா. அவ்வளவு பெரிய விழுவுல அந்தக் கால் உடைஞ்சுதா பார்த்தியா? கெட்டியா நின்னுச்சு இல்ல."

அத்தை அவரைப் பார்த்து, "ஆமாண்ணே, கெட்டியா நின்னுச்சு" என்றாள்.

தை மாதம் கரூரில் கல்யாணம். மாமா நல்லவர்தான், குறை சொல்ல முடியாது. அத்தை மூன்று பிள்ளைகளை வளர்த்தாள், தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஒரு மாடல்கூடச் செய்யவில்லை. எனக்குக் கவராயம் வாங்கித் தரவும் அவளுக்கு நினைவில்லை. கல்யாண வேலையில் யாருக்குத்தான் நினைவிருக்கும்.

அப்பா விழுந்த மாடலை எடுத்து, வளைந்த சட்டத்தை நிமிர்த்திப் பரணில் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை இறக்குவார். என் கணவர் முதல்முறை வந்தபோது இறக்கினார், சம்பந்திகள் வந்தபோது இறக்கினார். "என் தங்கச்சி செஞ்சது மாப்ளே. எல்லாம் பிரமாதம், ஒரு கால்தான் ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் கமுக்கமா சரி பண்ணினேன், அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. இத்தனை வருஷம் ஆச்சு, அசையல பாருங்க." அத்தை ஊரிலிருந்து வந்திருக்கும்போதும் இதே கதைதான். அவள் காப்பியைக் குடித்துக்கொண்டே, "அண்ணன் கை வெச்சா அசையுமா" என்பாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். இந்த மனுஷரிடம் யாராவது உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று பாத்திரத்தை உருட்டுவேன். நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் தெரியலப்பா என்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வரும்.

போன ஆடியில் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் காலை, உறவெல்லாம் கிளம்பிப் போனபிறகு, அத்தை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டாள், முழங்கால் வலி. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணனோட சால்டரிங் அயர்ன் இருக்கா?"

அப்பாவின் பெட்டி என்னிடம்தான் இருந்தது. மாடலையும் இறக்கி வரச்சொன்னாள். இரும்பைச் சூடாக்கி அந்த அரிசிமணியில் வைத்தாள். இடம் தவறவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த ஈயம் ஒரு நிமிஷத்தில் உருகி ஓடியது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டாள். விரலால் தள்ளினாள். கால் ஆடியது.

அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அதில் கைவைக்கக் கூடாது என்று காத்திருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு பொறுமை யாருக்கு வேண்டும், இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"எலுமிச்சம்பழம் இருக்கா?" என்றாள்.

மேஜையில் புத்தகங்களை இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே இரண்டு நீளமான ஸ்டீல் ஸ்கேல்களைத் தண்டவாளமாக வைத்தோம். ஒன்றின் நடுவில் பாதிப் பழத்தைக் கவிழ்த்து வைத்தாள். மெதுவாகத் தள்ளினாள். இயந்திரம் மேட்டில் ஏறியது, என் கவராயத்தின் மூட்டு லேசாக உள்ளே மடங்கியது, சக்கரங்கள் நான்கும் ஸ்கேலை விடவில்லை. ஏறி, இறங்கி, அந்தப் பக்கம் போய் நின்றது.

"கணக்கு சரிதான்" என்றாள் அத்தை.

பழத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், ஸ்கேலை நேராக்கிக்கொண்டே கேட்டாள்.

"உன்னைக் கேட்டாராமே, கால் ஏன் ஆடுதுன்னு. அண்ணன் எத்தனையோ தடவை சொல்லிச்சு. பாப்பாவைக்கூடக் கேட்டேன், அதுக்கும் தெரியலன்னு."

இத்தனை வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் சமையலறையில் பாத்திரம் உருட்டிய ஒவ்வொரு தடவையும் தெரிந்திருக்கிறது.

"கவராயத்துக்காகவா பாப்பா?"

எனக்கு ஐம்பத்தைந்து வயது. "ஆமா அத்தை" என்றேன்.

அவள் அந்தக் காலை இன்னொரு தரம் விரலால் ஆட்டிப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா அன்னிக்கே கழட்டிக் குடுத்திருப்பேனே. ஒரு மூட்டுதானே, குடைக்கம்பியிலயே செஞ்சிருக்கலாம்" என்றாள்.